மொதத் தீர்த்தக் குடம்

ஹலோ... ஆமாங்க, சின்னராஜ்தானுங்க. சேந்தமங்கலத்துப் பக்கம், கெணத்துத் தண்ணி பரிசோதனைக்குக் குடுத்தனே... யாரு, லேப்பு அகல்யா டாக்டரம்மாங்களா? சொல்லுங்க, சொல்லுங்க. இருங்க, உக்காந்துக்கறேன். கெண்டைக்காலு ரெண்டும் ஒலக்கையில இடிச்சாப்ல வலிக்குது... இல்லீங்க, நோம்பிப் பந்தலுக்கு மூங்கில் செமந்தது. அத உடுங்க. முடிவு வந்துருச்சுங்களா?

...ஆமாங்க, அவசரந்தான். நாளைக்கு மாரியம்மன் நோம்பி. அம்மனுக்கு மொதத் தீர்த்தக் குடம் எங்கப்பன் காலத்துலருந்து எங் கெணத்துல எறைக்கறது. இந்தத் தடவ கருப்பண்ணன் கெணத்துலயாமா... கருப்பண்ணனுங்களா? எம் பெரியப்பன் மவன். அவன் மாடு மாசம் நெறையாமச் செனையிலயே கன்னுக்குட்டியப் போட்டுருச்சு. எப்பவோ ஒருநா எந் தொட்டியில வாய வெச்சுதாமா, அதனாலதான்னுட்டான். உங்க லேப்புப் பையனும் மைக்ராஸ்கோப்புல பாத்துப்போட்டு, ஸ்பிரிங்காட்டம் என்னமோ நெளியுது, எலிக்காய்ச்சல் கிருமியா இருக்கலாம்னு ஒரு வார்த்த சொன்னான் பாருங்க. அன்னையிலருந்து எங் கெணத்துப் பக்கம் காக்கா கூட வாரதில்ல.

...ம்... ம்... மெதுவாச் சொல்லுங்க. நெளியறது நெசந்தான்... ஆனா சாது? ஆரையும் ஒண்ணும் பண்ணாது? மண்ணுலயும் தண்ணியிலயும் தானுண்டு தன் வேலையுண்டுன்னு கெடக்கறது?

...அப்பறம் எப்பிடி அந்தப் பையன்... ஓ, பாத்தா ரெண்டும் ஒரே சாயலா. கெட்டதும் சுருளு, நல்லதும் சுருளு. அதனால உள்ள இருக்கற டி.என்.ஏவ எடுத்து, ஏற்கெனவே தெரிஞ்ச கெட்டதோட டி.என்.ஏவுக்குப் பக்கத்துல வெச்சு... புரியுதுங்க, புரியுதுங்க. நாங்க பொண்ணு பாக்கப் போறாப்லதான். மொகத்தப் பாத்தா முடிவு பண்றோம்? உங்க குலசாமி எதுன்னு கேப்பம். ஒரே சாமின்னா பங்காளி, பொண்ணு எடுக்க முடியாது. நீங்க கிருமிகிட்டக் குலசாமியக் கேட்டிருக்கறீங்க... சிரிக்காதீங்க, சரியாத்தான சொல்றேன்? அப்ப எங் கெணத்துல இருக்கறது காய்ச்சல் கிருமிக்குப் பங்காளி இல்ல... தூரத்து ஒறவா? இருந்துட்டுப் போவுது. பேச்சுவார்த்த இல்லாத ஒறவு.

இதப் போனுக்கு அனுப்பிச்சிருங்க டாக்டரம்மா. பூசாரி மூஞ்சிக்கு நேராக் காட்டோணும்... குடிக்கறதுன்னாக் காச்சித்தான் குடிக்கோணுமா? எந்தக் கெணத்துத் தண்ணியும் அப்பிடித்தானா. சரிங்க. அம்மன் காச்சிக் குடிக்க மாட்டாளே, பரவால்லீங்களா?

...என்னங்க? ரெண்டாவது பாட்டலா... ஆமாங்க, செவப்புக் கயிறு கட்டுனது. அதுங்களா... அது பக்கத்துக் கெணறு... ஆரு கெணறுன்னா... கருப்பண்ணனுதுதாங்க. அவஞ் சந்தைக்குப் போயிருந்தப்ப பாட்டல முக்கிக் கொண்டாந்தேன். என்ன மட்டும் சொன்னானே, அவனுது என்ன லட்சணம்னு பாக்கலாமுன்னு... திருட்டுத்தனந்தான். ஒத்துக்கறேன்.

...ஆ? அதுலதான் இருக்குதா? நெசமான எலிக்காய்ச்சல் கிருமியே? டி.என்.ஏ அப்பிடியே ஒத்துப்போவுதா?

ஆத்தா மாரியாயி. கண்ணத் தொறந்துட்டா. கோழித்தீவன குடோன ஒட்டிக் கெணறு வெட்டுனா வேற என்ன வரும்? அங்க எலி ஒவ்வொண்ணும் பூனைக்குட்டி சைசுங்க. ராத்திரியில கெணத்து மேட்டுலதான் அதுகளுக்கு நோம்பி. நாளைக்கு ஊர்சனம் மத்தியில வெச்சுக் கேக்கறேன், ஏண்டா கருப்பண்ணா...

...எங்க ஊட்டுல குடிதண்ணிங்களா? அது... எங் கெணத்துல கிருமின்னதும் எஞ் சம்சாரம் கந்தம்மா பயந்துக்கிட்டா. அன்னையிலருந்து...

...கருப்பண்ணன் கெணத்துலதாங்க. எனக்கும் அவனுக்கும்தான் பேச்சில்ல, பொம்பளைங்க பேசிக்கறாங்க. நானும் வேண்டா வெறுப்பா வவுறு முட்டக் குடிச்சனுங்க. குளிக்கறதும் அதுலதான்.

...மேலா? லேசாக் காச்சலாட்டம் காயுது. தலவலியும் இருக்குது... கண்ணா? இருங்க. ஏ கந்தம்மா, எங் கண்ணு என்ன நெறம்?... வரமொளகாயாட்டம் இருக்குதுங்கறா. கருப்பண்ணனப் பாத்து மொறச்சதுல செவந்துருச்சுன்னு இருந்தனுங்க.

...கெண்டைக்காலு வலியும் மூங்கில் செமந்ததுக்கு இல்லீங்களா? ...சரிங்க. சரிங்க. இன்னைக்கே பெரியாசுபத்திரிக்குப் போறேன். எலித் தண்ணி குடிச்சேன்னு சொல்லி ரத்தம் டெஸ்டுக்குக் குடுக்கறேன். தள்ளிப்போட மாட்டேன்.

...கருப்பண்ணங்கிட்டயா? நானா? நான் எப்பிடிங்க சொல்லுவேன்? எங் கெணத்துல எதுக்குடா பாட்டல முக்குனேன்னு மொதல்ல அதத்தான் கேப்பான். நீங்களே ஒரு போனு... பூசாரிய உட்டுச் சொல்லச் சொன்னா... அது லேட்டாயிரும்தான்.

...அவன் ஊட்டுலயா? அவன், அவஞ் சம்சாரம், மவன். மருமவ இனியா. மாசமா இருக்கறா.

...மாசமா இருக்கறவளுக்கு அவ்வளவு கெடுதலா?... போறேன். இப்பவே போறேன். வையட்டும், கேட்டுக்கறேன். அப்பிடியே அவங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஆசுபத்திரிக்கு... அவன் வண்டியிலதாங்க, எனக்கு ஏது காரு?

ஏ கந்தம்மா, கொடத்துத் தண்ணியக் கீழ கொட்டு... அட, கொட்டுன்னா கொட்டு. நம்ம கெணத்துல ரெண்டு கொடம் எறை. ஒண்ணு நல்லாக் கொதிக்கக் காச்சி இனியா கையில குடு... இல்லடி, அம்மனுது அப்பறம். மொதக் கொடம் அந்தப் புள்ளைக்கு.

...டாக்டரம்மா, இன்னும் இருக்கறீங்களா? வெச்சிருங்க. எனக்கு நேரமில்ல.