கெட்டதாகவே வரட்டும்

ஈப்போவுக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மலைமேல் தேயிலைத் தோட்ட ஊரான ரிங்லெட்டில் ஏறியவர்கள். வளைவுகளில் தலை சுற்றும் என்று நான் கண்ணை மூடியிருந்தேன். மருமகள் சொன்னது காதில் விழுந்ததும் திறந்துவிட்டேன்.

“அத்தை, இந்தத் தடவையும் ரத்த டெஸ்டு கெட்டதாத்தான் வரணும்.”

“வாயைக் கழுவுடி. நல்லா வரணும்னு மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சிருக்கேன்.”

“எதுக்கு முடிஞ்சீங்க? ரத்தம் சட்டுன்னு உறையுது, அதான் புள்ள தங்கலையோன்னு டாக்டருக்குச் சந்தேகம். ஒரு தடவை காட்டுனா பத்தாதாம். மூணு மாசம் கழிச்சும் அப்படியே காட்டுனாத்தான் நோயின்னு முடிவு பண்ணுவாங்களாம்.”

“நோய் இல்லன்னா நல்லதுதானே லா?”

“இல்லன்னா மருந்தும் இல்ல அத்தை. மூணு புள்ள ஏன் போச்சுன்னும் தெரியாது. பேக்டரியில தேயிலை மூட்டை தூக்குனதாலன்னுதான் மறுபடி எல்லாரும் சொல்லுவாங்க. நீங்களும் சொன்னீங்க.”

பஸ் இரண்டு மூன்று வளைவு இறங்கியது.

“முடிஞ்சத அவுக்கக் கூடாது,” என்றார் மாமியார் பிறகு. “ஆத்தாகிட்ட மாத்திச் சொல்லிக்கிறேன்.”

“என்னன்னு?”

“நீ கேட்ட மாதிரியே வரட்டும்னு.” மருமகள் பக்கம் திரும்பி, “வந்தா என்ன மருந்து?” என்று கேட்டார்.

“உண்டானதுல இருந்து தினமும் ஊசி. வயித்துல நாமளே குத்திக்கணும்.”

மாமியார் அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“வலிக்குமாடி?”