மலைக்கும் மச்சான் வேண்டும்

முத்தையாபுரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் கடலில் சங்கு குளிக்கிறவர். மற்றவர் தை மாதம் மலை ஏற ஆள் சேர்க்கிறவர்.

"மச்சான் இல்லாம நான் மலை ஏற மாட்டேன்" என்றார் சங்கு குளிக்கிறவர்.

"மலையில எதுக்குலே மச்சான்?"

"கடல்ல நான் முங்கும்போது படகுல இருந்து எனக்குக் கயிறு பிடிக்கது அவன்தான். கைய விட்டான்னா அவன் தங்கச்சில்லா தாலி அறுப்பா? அதனால விடமாட்டான்."

"அப்ப அவனையும் கூப்பிடு."

"கிறிஸ்மஸ்ல சண்ட போட்டதுலருந்து படகுக்கும் வரல, பேசவும் இல்ல."

"ஏலே, அவன் நேத்தே என்ட்ட பேரு குடுத்துட்டான். நீ வந்தாத்தான் வருவானாம்."

உப்பளம் தாண்டியதும் சங்கு குளிக்கிறவர் ஆள் சேர்க்கிறவர் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மேல குளிருமே, அவன்ட்ட ஸ்வெட்டர் இருக்கா?"