என் கையெழுத்து இல்லை

புதன்கிழமை. மாலை ஆறு நாற்பது. முதல் கல் கூரையில் விழுகிறது. ஓடு உடைந்து தறியின் மேல் சிதறுகிறது. இரண்டாவது கல் கதவில். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

"தறிக்குழியில எறங்குங்க! ஜல்தி!"

கத்தியது நான்தான். நெய்யும்போது கால் வைக்கும் குழி அது. மனைவியும் மகளும் அதற்குள் குறுகி உட்காருகிறார்கள். நான் மேலே கவிழ்ந்து கிடக்கிறேன். வெளியே பைக்குகளின் உறுமல். ஒரு குரல்.

"கையெழுத்து போட்டவன் வூடு இதான்டா!"

ஆமாம். திங்கட்கிழமை போட்டேன்.

ஆரணியை ஒட்டிய ஊர் எங்களுடையது. இரண்டு முறையாகப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலே நடக்கவில்லை. கோயில் திடலில் கூட்டுவார்கள். கை தூக்கச் சொல்வார்கள். தூக்குவோம். போட்டியே இல்லை, அன்னபோஸ்ட். ஒரே ஆள். தெருவுக்கே தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவும் குறுக்கே ஓட்டும் பட்டு நூலும் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளியும் அவர்தான். யார் எதிர்த்து நிற்பது? டிவியில் ஏதோ ஒரு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததாகக் காட்டுவார்கள். பாவம் அந்த ஜனங்கள் என்று உச்சுக்கொட்டிக்கொண்டே நெய்வோம். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இந்த முறை எதிர்வீட்டு வசந்தா நின்றாள். அவளும் தறி நெய்கிறவள்தான். அவள் வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். தெருவில் ஒருவரும் வரவில்லை. நான் வீராப்பாகப் போய்ப் போட்டேன்.

ஏழு மணி. என் வீட்டில் கல் நின்றது. எதிர்வீட்டுக் கதவு உடைகிறது.

"பாவ அறுக்காதீங்கடா! வேணாண்டா!"

வசந்தாவின் குரல். தறியில் ஓடுகிற பாவின் மேல் பகையாளிகூடக் கத்தரி வைக்கமாட்டான். எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். வைத்தார்கள். தடுக்கப் போன அவள் புருஷன் முகத்தில் கட்டையால் அடித்தார்கள். எல்லாம் எனக்குக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

வியாழன் காலை அந்த பைக்குகளில் ஒன்று வந்தது. ஏறு என்றார்கள். ஏறினேன். ஒன்றிய அலுவலகத்தில் மனு பரிசீலனை. முன்மொழிந்தவர் கையெழுத்து போலி என்று முதலாளி தரப்பில் ஆட்சேபணை. பதினொன்றே கால். மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. அதிகாரி தாளை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துங்களா?"

"இல்லீங்க."

திக்கவில்லை. திணறவில்லை. ஒழுங்காகத்தான் சொன்னேன். அந்த வெட்கம்தான் இன்றுவரை தீரவில்லை. மனு தள்ளுபடி. இந்த முறையும் அன்னபோஸ்ட்.

வெளியே படிக்கட்டில் வசந்தா. புருஷன் ஆஸ்பத்திரியில். என்னைத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாப்பாவுக்கு அடி கிடி பட்டுச்சாண்ணா?"

குனிந்த தலையோடு படியிறங்கி நடந்தேன்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்குப் புதுப் பாவு வந்தது. கொண்டுவந்தவன் அதே பைக்குக்காரன். வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் அதைத்தான் நெய்துகொண்டிருக்கிறேன்.

போனவை. எதிர்வீட்டில் ஒரு பாவு. முக்கால்வாசி நெய்த ஒரு சேலை. வசந்தா புருஷனின் இடது கண். ஊரில் இருக்கும் அத்தனை பேரின் ஓட்டு. என் வீட்டில் ஒன்பது ஓடுகள். அவற்றையும் முதலாளியே மாற்றிக் கொடுத்துவிட்டார்.