மஞ்ச போர்டும் வெள்ளிக்கிழமைக் கல்யாணமும்

ஹலோ... ஹலோ... ம், கேக்குது, சொல்லு மார்லன்... ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்... ஆமா, ஆமா, மிஸ் வெர்னாவைப் பாக்கத்தான்... இரு, ரூம் வாசல்லயே நிக்கிறேன், சத்தமாப் பேச முடியாது. காபி மெஷின் பக்கம் போயிடறேன்...

ம். இப்ப சொல்லு.

எப்படி இருப்பாங்க? எழுபத்தொரு வயசுல கேசினோ தரையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா எப்படி இருப்பாங்களோ அப்படித்தான் இருக்காங்க. திரும்பிப் படுக்கணும்னாகூட ரெண்டு நர்ஸ் வர வேண்டியிருக்கு... ம்... ம்... சூப் கொண்டாந்தேன், நாலு ஸ்பூன் குடிச்சாங்க. "சின்ன வயசுல நான் ஓட்டின ஸ்கூல் பஸ்ஸுல ஏறி ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்ட டெல்ஃபின்தானே நீ"ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. சிரிச்சதும் வலி வந்துடுச்சு.

அது இருக்கட்டும். உங்க ஆளுங்க இங்கே வந்துட்டுப் போயிருக்காங்க, தெரியுமா உனக்கு?... உங்க ஆளுங்கன்னுதான் சொல்லுவேன். நான் அங்கே ட்ரே தூக்கி டம்ளர் கொடுக்கறவ. செக்யூரிட்டி சூப்பர்வைசர் நீதானே... பழக்கூடை! அன்னாசிப்பழத்துக்கு ரிப்பன் கட்டி, "சீக்கிரம் குணமடைய வாழ்த்துகள்"னு அட்டை வெச்சு... இரு, முழுசா கேளு. அதுக்கு அடியில ஒரு பேப்பர். முந்நூறு டாலருக்கு இலவசமா சூதாட்ட மெஷின் ஆடிக்கலாம், கையெழுத்துப் போடுங்கன்னு. கீழே பொடி எழுத்துல என்ன இருக்கு தெரியுமா? இனிமே நஷ்ட ஈடு எதுவும் கேக்க மாட்டேன்னு இருக்கு.

ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்க மருந்து முழுசாத் தெளியறதுக்குள்ள வந்திருக்காங்க, மார்லன். பேனாவை அவங்க கையில திணிச்சிருக்காங்க. அவங்களால அதைப் பிடிக்கவே முடியல, நல்ல வேளை... தூ. சொல்லும்போதே வாய் கசக்குது.

என்னது?... ஆமா, வக்கீல் வந்திருக்கா. அவங்க மகன் கூட்டிட்டு வந்தான்... இல்ல இல்ல, பாலத்துக்குப் பக்கத்துல பெரிய விளம்பர பேனர்ல முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சிக்கிட்டு நிக்கிறானே, அவன் இல்ல. இவ பொம்பளை. சின்னப் பொண்ணு மாதிரிதான் இருக்கா, ஆனா எல்லாத்தையும் ரெண்டு தடவை கேக்கறா... நான் ஒண்ணும் பேசலப்பா. அவ வந்ததும் நான் வெளியே வந்துட்டேன்... சத்தியமா பேசல. ஏன் இப்படிப் பதறறே?

சரி, சரி. சொல்லு...

என்ன? இன்னொரு வாட்டி சொல்லு.

வெள்ளிக்கிழமையா? நம்ம கல்யாணம் இந்த வெள்ளிக்கிழமையா?... மார்லன், மணி மத்தியானம் ரெண்டுதான் ஆகுது, குடிச்சிருக்கியா நீ?... கோர்ட்டுலயேவா? சர்ச்சு வேண்டாமா?... ம்... ம்... உங்கம்மா என்ன சொல்லுவாங்க?... ஒத்துக்கிட்டாங்களா! உங்கம்மாவா!... இல்ல, நம்பறேன், நம்பறேன். எப்படி நம்பறதுன்னுதான் தெரியல. ஆறு வருஷம்ப்பா. புயல் சீசன் முடியட்டும்னே. கூரை மாத்தட்டும்னே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகட்டும்னே. ரெண்டு கண்ணும் ஆச்சு...

அழல. இல்லடா, அழல... காபி எடுக்க வந்தவன் ஒரு மாதிரியா பாக்கறான். கல்யாண கவுன் அலமாரியிலேயே தொங்குது. ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சாச்சு, ஒரு தடவை பெருசாக்க, ஒரு தடவை சின்னதாக்க... சரி. சரிங்கறேன். போதுமா?

ம்? இன்னொரு விஷயமா? சொல்லு.

கையெழுத்தா? எதுக்கு?... இன்சூரன்ஸ்காரங்களுக்கு. ம்... என் வாக்குமூலம். ம், அதுக்குத்தான் நான் ஆறு நாளா காத்துக்கிட்டிருக்கேன். எப்போ கூப்பிடுவாங்கன்னு... எழுதியாச்சா? யார் எழுதினா?... நீயா? நான் பாத்ததை நீ எப்படி எழுதுவே?

படி... பரவாயில்ல, படி, கேக்கறேன்... படின்னா படி!

ம்... "நான் அன்று அந்தப் பகுதியில் வேலையில் இருந்தேன்." சரி... "தரையில் தண்ணீர் எதையும் பார்க்கவில்லை." என்னது? மேலே படி... நிறுத்தாதே, மேலே படி... "அந்தப் பெண்மணிக்கு இரண்டு விஸ்கி பரிமாறினேன்."

விஸ்கியா?

மார்லன், யாருக்கு? மிஸ் வெர்னாவுக்கா? சர்ச்சுல கொடுக்கற வைனுக்கே மூஞ்சியைச் சுளிக்கிறவங்களுக்கா? வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வர்றாங்க, இனிப்புப் போடாத ஐஸ் டீ ஒண்ணு வாங்கி அதையே மூணு மணி நேரம் குடிப்பாங்க. போகும்போது எனக்கு ஒரு டாலரை மடிச்சுக் கையில வெப்பாங்க. அவங்களைக் குடிகாரின்னு என் கையால எழுதித் தரணுமா?... எழுதல, கையெழுத்து மட்டும்தான். ஆமா, பெரிய வித்தியாசம்!

இல்ல, நீ சொல்றது எனக்குப் புரியுது. தண்ணி இருந்தது கேசினோவுக்குத் தெரியும்னா கேஸ் நிக்கும். தெரியாதுன்னா நிக்காது. அவங்க ஏதோ தானா தடுமாறி விழுந்த மாதிரி ஆயிடும், இந்த ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டை விப்பாங்க. அதானே?... அதானே மார்லன்?

தெரியாம எப்படி இருக்கும்? நான்தானே பாத்தேன்! கழிப்பறைக்குப் போற வழியில ஏசி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. டம்ளர் கவிழ்ந்த மாதிரி இல்ல, ஒரு வாளித் தண்ணி தேங்கி நின்னுது. நானே ஓடிப்போய் "வழுக்கும், ஜாக்கிரதை" போர்டை, அந்த மஞ்ச போர்டைத் தூக்கிட்டு வந்து நடுவுல வெச்சேன். வெச்சுட்டுத் துடைக்கச் சொல்ல மிஸ்டர் குவாங்கைத் தேடிப் போனேன். அவர் ரெண்டாவது மாடியில யாரோ எடுத்த வாந்தியைத் துடைச்சிக்கிட்டிருந்தார். கூட்டிட்டு வர்றேன், போர்டைக் காணோம். மிஸ் வெர்னா தரையில கிடக்கறாங்க. ஒரு செருப்பு அங்கே, ஒரு செருப்பு இங்கே...

அவங்க கத்தல... கத்தவே இல்ல, மார்லன். "யாராச்சும் என் பாவாடையைச் சரி பண்ணுங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. சுத்தி நின்னவங்க மெஷினை விட்டு எழுந்திருக்கக்கூட இல்ல.

மறுநாளே குவாங்கை வேலையை விட்டு எடுத்துட்டீங்க. தண்ணி இருந்தா போர்டு வைக்கணும், அவர் வைக்கலன்னு. பத்தொம்பது வருஷம் அந்தத் தரையைத் துடைச்ச மனுஷன். நான் போய் "போர்டை நான் வெச்சேன், யாரோ எடுத்திருக்காங்க"ன்னு மானேஜர்கிட்டச் சொல்றேன்னு கிளம்பினேனா இல்லையா? யார் தடுத்தா? "நீ பொறு, நான் பேசிக்கிறேன்"னு யார் சொன்னா?... ம். நீதான். பேசினியா?... பேசினியான்னு கேக்கறேன்...

என்ன சொன்னே இப்ப?

இல்ல, இப்ப என்னமோ சொன்னியே. "ரெண்டு நிமிஷம்தான்"னியே. எது ரெண்டு நிமிஷம்?... இல்ல, பேச்சை மாத்தாதே. நான் போர்டு எவ்வளவு நேரம் இல்லன்னு சொல்லவே இல்ல. எனக்கே அது தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?

மார்லன்.

சொல்லுடா, போர்டை யார் எடுத்தா?...

போட்டோவா? எந்த போட்டோ?... ஓ. அந்த அலபாமாக்காரர். ஜாக்பாட் அடிச்சவர். கட்டில் அளவுக்கு ஒரு அட்டை செக்கைப் பிடிச்சுக்கிட்டு, பக்கத்துல மானேஜர், இந்தப் பக்கம் நீ... ம்... ம்... பின்னாடி மஞ்ச போர்டு அசிங்கமா தெரிஞ்சுது. ம்... மானேஜர் கண்ணைக் காட்டினாரு. நீ எடுத்துச் சுவத்துல சாத்தினே... திருப்பி வைக்க மறந்துட்டே.

ம்.

நீதானா?... அய்யோ, நீதானா அது?



மறக்கிறது எல்லாரும்தான் மறப்பாங்க. நான் எத்தனை ஆர்டர் மறந்திருக்கேன். நேரா வந்து "டெல்ஃபின், நான் ஒரு மடத்தனம் பண்ணிட்டேன்"னு சொல்லியிருந்தா, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நானே மானேஜர் ரூமுக்கு வந்திருப்பேன்டா. ஆனா நீ என்ன பண்ணே? குவாங்கை வேலையை விட்டு எடுத்த அன்னிக்கு என் வீட்டுக்கு வந்தே. அந்த ஆளுக்காக நான் அழுதுகிட்டிருந்தேன். என் முதுகைத் தடவிக் கொடுத்தே. அதே கையால. அப்புறம் நான் வெச்ச இறால் குழம்பு, அந்தக் கும்போவைச் சோத்துல ஊத்திச் சாப்பிட்டே. இறாலெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிட்டுட்டு, இன்னும் கொஞ்சம் சோறு இருக்கான்னு கேட்டே!

எப்படி இறங்குச்சு உனக்கு?... சும்மா கேக்கறேன், எப்படித் தொண்டையில இறங்குச்சு?

கத்தல. நான் கத்தல. இங்கே நர்ஸுதான் திரும்பிப் பாக்கறா... சாரி சிஸ்டர், சாரி... ம், சொல்லு, இன்னும் என்ன?

யாரும் என்னைக் கேக்க முடியாதா? எதுக்கு அப்புறம்?... வெள்ளிக்கிழமைக்கு அப்புறம். ஏன்?... புருஷனுக்கு எதிரா பொண்டாட்டியைச் சாட்சி சொல்ல வைக்க முடியாது. ம்... யார் சொன்னா உனக்கு இந்தச் சட்டத்தை?... டிவியில பாத்தியா?

ஓஹோ.



அதுக்குத்தானா?... அதுக்குத்தான் வெள்ளிக்கிழமையா? ஆறு வருஷமா நடக்காத கல்யாணம், என் வாயை அடைக்கணும்னதும் நாலே நாள்ல நடக்குதா?... பொய் சொல்லாதே. "அதுவும் ஒரு காரணம்"னு சொல்லாதே, அது இன்னும் கேவலமா இருக்கு... உங்கம்மாவுக்குத் தெரியுமா? எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் கேட்டியா?... ம். அதான் ஒத்துக்கிட்டாங்க. எனக்குத் தெரியும் அந்தம்மாவை. என்னை மருமகளா பிடிக்கல, சாட்சியா அதைவிடப் பிடிக்கல!

சிரிக்கல. குமட்டுது. கவுனைப் பத்தியெல்லாம் உன்கிட்டச் சொன்னேனே... அஞ்சு நிமிஷம் முன்னாடி நான் உன்கிட்டச் சொன்னேனே, மார்லன். நீ கேட்டுக்கிட்டே இருந்தியே...

காதலா? அந்த வார்த்தையை இப்ப எடுக்காதே. தயவுசெஞ்சு எடுக்காதே... மோதிரமா? விரல் வீங்கிக் கிடக்கு, வரமாட்டேங்குது. வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழட்டி உங்கம்மா தபால் பெட்டியில போட்டுடறேன்.

சரி, நான் சொன்னா யார் நம்புவாங்கன்னு கேக்கறியா? கேளு, கேளு... ட்ரே தூக்கறவ ஒரு பக்கம், சூப்பர்வைசரும் மானேஜரும் ஒரு பக்கம். ஆமா, சரிதான்... கேமராவா? கேமரால எல்லாம் இருக்குமே... எங்கேர்ந்து எடுத்து வெச்சிருக்கீங்க? அவங்க விழறதுலேர்ந்து மட்டும். அதுக்கு முன்னாடி, நீ போர்டை எடுத்தது?... ம்... ஏழு நாள். ஏழு நாள் ஆனா தானா அழிஞ்சிடும், யாராச்சும் எழுத்துல கேட்டாத்தான் வெச்சிருப்பாங்க. ம்... அதனால கவலைப்படாதேங்கறே. எனக்கே ஆறுதல் சொல்றே!

இரு.

அவங்க விழுந்தது போன செவ்வாய்க்கிழமை. இன்னிக்குத் திங்கள்... அப்ப நாளைக்குத்தானே அழியும்?

அப்ப இன்னிக்கு இருக்கு.

...இல்ல, மிரட்டல. நான் எதுக்கு உன்னை மிரட்டப் போறேன்?... ஆமா, உன் வேலை போகும். என் வேலையும்தான் போகும். குவாங்குக்குப் போச்சே, அவர் வீட்டுல எல்லாம் காத்தையா சாப்பிடறாங்க?... ம்... ம்... கெஞ்சாதே. நீ கெஞ்சறதைக் கேக்க இன்னும் அருவருப்பா இருக்கு... கத்தவும் செய்யாதே.

அய்யோ, அவ வெளியே வர்றா. பையெல்லாம் எடுத்துட்டா...

மேடம்! மேடம், ஒரு நிமிஷம், லிஃப்ட்டுல ஏறிடாதீங்க... ஆமா, மிஸ் வெர்னாவைப் பாக்கத்தான் வந்தேன். நான் டெல்ஃபின். அந்தக் கேசினோவுலதான் வேலை செய்யறேன். அவங்க விழுந்த இடத்துல தண்ணி இருந்துச்சு, நான்தான் மஞ்ச போர்டு வெச்சேன். அதை யார் எடுத்தாங்கன்னு கேமரால இருக்கு, நாளைக்கு அழிச்சிடுவாங்க. இன்னிக்கே எழுத்துல கேட்டீங்கன்னா... ஆமா, கையெழுத்துப் போடறேன். எங்கே வேணும்னாலும் போடறேன்...

இதுவா? போன்ல யாருமில்ல மேடம். வெச்சுடறேன்.