ரெண்டு கதவு வெச்ச பாத்ரூம்

இல்லீங்க மேஸ்திரி, அங்க முடியாதுங்க. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில ஒரு சாண் எடமில்லை, அதைத் தாண்டுனா அடுத்தவிய செவுரு. இந்த மாடிப்படிக்குக் கீழதான் பாத்ரூமு வரோணும். படி தாழ்ற பக்கம் கக்கூசுக் கோப்பையை வெச்சுப்போடலாம், உக்கார்றதுக்கு ஒசரம் எதுக்குங்க? ஒசந்த பக்கம் நின்னு தண்ணி வாத்துக்கலாம். கதவு உள்ளாற தொறந்தா ஆளு நிக்க முடியாது, வெளிய தொறக்கட்டும்.

ஆமாங்க, வெஸ்டர்ன்தான். எஞ் சம்சாரம் வரலட்சுமிக்கு முட்டி மடங்கறதில்லை. இப்ப பக்கத்து ஊட்டுல கேட்டுக் கேட்டுப் போயிட்டு வாரா. இந்த வயசுல பக்கெட்டோட இன்னொருத்தரு வாசல்ல நிக்கறதுன்னா... அதுக்குத்தான் சீக்கிரம்ங்கறேன்.

இத்தனை வெவரம் எனக்கு எப்படித் தெரியுமா? முன்ன இருந்ததுக்கும் நாந்தானுங்க பிளான் போட்டேன். அப்பன் ஊட்டை எனக்கும் தம்பி திருமலைசாமிக்கும் பாகம் பிரிச்சப்ப, ரெண்டு பாத்ரூமுக்கு எடமேது? நடுவால ஒண்ணு, எங்க பக்கம் ஒரு கதவு, அவம் பக்கம் ஒரு கதவு. உள்ள போறவங்க அடுத்த பக்கத்துத் தாப்பாளைப் போட்டுக்கோணும், வாரப்ப எடுத்துப்போடோணும். மறந்துட்டா அவிய தட்டுவாங்க, நாங்க சிரிச்சுட்டே ஓடிப்போயி எடுப்போம். எங்க சோப்பைத்தான் அவன் தேய்ப்பான். கொழுந்தனாரு சோப்பு வாங்கக் கடைப்பக்கமே போறதில்லையாட்ட இருக்குதுன்னு வரலட்சுமி கேலி பண்ணுவா.

நடுச்செவுரு கோணாம நேரா வரட்டும், பாத்ரூமு அவம் பாகத்துலயே இருக்கட்டும்னு சொன்னது நாந்தேன். பொறந்தவந்தானுங்களே.

தை மாசம் காங்கேயத்துல எங்க ஒறம்பரையில ஒரு கண்ணாலம். போயிட்டு வந்து வரலட்சுமி பாத்ரூமுக் கதவைத் தொறந்தா, நேரா செவுரு. எங்க பக்கம் பூசக்கூட இல்லீங்க. தொட்டா கலவை ஈரமா கையில ஒட்டுது.

தம்பிகிட்டப் போயிக் கேட்டேன். ஊட்டுக்கு மருமக வந்துட்டா, பெரிய மாமனாரு போற எடத்துல அவ எப்படிப் போவான்னான். நாயந்தானுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கதவை நானே கழட்டிக் குடுத்திருப்பனே. எம்மேல என்ன தப்புன்னு ரோசிச்சு ரோசிச்சுப் பாக்கறேன். தாப்பாளை மறந்தமே, அப்பத் தட்டிட்டு நின்னவன் உள்ளுக்குள்ள கறுவிட்டு நின்னானா? சிரிச்சதெல்லாம் நாங்க மட்டுந்தானா?

ஏனுங், தலையைக் குனிஞ்சுட்டீங்க? அட, சங்கடப்படாதீங்க. அந்தச் செவுத்தைக் கட்டுனது நீங்கதான்னு தெரிஞ்சுதானுங்க கூப்புட்டேன். கூலிக்கு வந்தவரு, உங்க மேல எனக்கென்ன கோவம்? அந்தப் பக்கம் இருந்து பாத்தவரு நீங்க ஒருத்தருதானுங்களே. நீங்க கல்லு வெக்கறப்ப அவன் பக்கத்துல நின்னானுங்களா? அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லிரலாமான்னு ஏதாச்சும்...

அவன் ஒண்ணுஞ் சொல்லலீங்களா.

எப்ப வந்து உங்களைக் கூப்புட்டான்? பொங்கலுக்கு முன்னாலயேவா? நாங்க ஊருக்குப் போற நாளைச் சொல்லி, அன்னைக்கு வாங்கன்னானா?

அன்னைக்கு எங்களைப் பஸ் ஏத்திவிட வந்தது அவந்தானுங்க. பையைக்கூட என்னையத் தூக்க உடலீங்க.