உரிமம் இல்லாத குரல்

இல்லைங்க சார், சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கீங்க. உள்ள வாங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. கம்ப்யூட்டர் உள் ரூம்ல இருக்கு. அக்காவும் அங்கதான் இருக்காங்க. கொஞ்ச நேரம் கொடுங்க, அவங்களே கூப்பிடுவாங்க.

ஆமா, வந்து அழிச்சிடுங்கன்னு உங்க ஆபீசுக்குத் தகவல் அனுப்பினது அவங்கதான். நான் வேணாம்னுதான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். உங்களுக்கு முழு விவரமும் சொல்லலையா? போய் சாப்ட்வேரை எடுத்துட்டு வான்னு மட்டும் அனுப்பிட்டாங்களா? அது சரி.

அக்காவுக்குத் தொண்டையில கட்டி சார். குரல்வளையை எடுத்தாத்தான் ஆள் மிஞ்சும்னு டாக்டர் சொன்னார். எடுத்தாங்க, மிஞ்சிட்டாங்க. ஆனா வீட்டுல வாயாடின்னு பேர் எடுத்த மனுஷி. அப்புறம் சண்டை போடணும்னாக்கூட பலகையில எழுதித்தான் போடணும். எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் எழுந்து போயிடுவேன். அதுக்கு இன்னும் கோவம் வரும்.

அடுத்த தெருவுல பொம்பளைங்களுக்குக் கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதச் சொல்லித்தர்ற மையம் இருக்கு. அக்கா அங்க சொல்லிக்கொடுக்கப் போனாங்க. உங்க ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டரையெல்லாம் கழிச்சப்போ, அந்த மையத்துக்குத்தான் தானமா கொடுத்தாங்க. எல்லாத்தையும் துடைச்சுக் காலியாத்தான் கொடுத்தாங்க. ஒண்ணை மட்டும் யாரோ கவனிக்காம விட்டுட்டாங்க. அதுல இந்த சாப்ட்வேர் இருந்துச்சு. நாம டைப் அடிச்சா அது வாய்விட்டுப் பேசும். மையத்து மேடம் பார்த்துட்டு, இது உனக்குத்தான் எழுதியிருக்குன்னு வீட்டுக்கே அனுப்பி வெச்சாங்க.

அன்னைக்கிலேருந்து வீடு வீடா இருந்துச்சு சார். அக்கா உள்ளேருந்து என்னைத் திட்டுவாங்க, நான் அடுப்படியிலேருந்து பதில் சொல்லுவேன்.

இப்போ பெட்டி தானமாம், உள்ள இருக்கிறது தானம் இல்லையாம். லைசென்ஸ் உங்க ஆபீஸ் பேர்ல இருக்கு, அது கைமாறக் கூடாதாம். சாப்ட்வேர் கம்பெனி எப்படியோ கண்டுபிடிச்சு உங்க ஆபீசை நெருக்க, உங்க ஆபீஸ் மையத்தை நெருக்குது. அழிக்கலைன்னா கொடுத்த எல்லா கம்ப்யூட்டரையும் திரும்ப எடுத்துப்போம்னு சொல்லிட்டாங்க. அங்க படிக்கிறவங்கள்ல ஒருத்தி புருஷன் வீட்டை விட்டு குழந்தையோட வந்தவ. இன்னும் பாதிப் பாடம்கூட முடியல. இதை நம்பித்தான் இருக்கா. அக்கா பேசணும்னா அவ தெருவுல நிக்கணும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவருதான்.

வாங்கியிருக்கலாமேன்னு கேக்குறீங்க. கேட்டோமே. இந்தக் குரலை தனி ஆளுக்குக் கொடுக்கிறதில்லை, உங்க ஆபீஸ் சம்மதிக்கணும்னு கம்பெனி சொல்லுது. உங்க ஆபீஸ்ல கேட்டா, கம்பெனி விடாதுன்றாங்க. நாங்க யார் சட்டையைப் பிடிக்கிறது?

ம்... தெரியும் சார், சும்மாவே கிடைக்கிற சாப்ட்வேரும் இருக்கு. போட்டுப் பார்த்தோம். நல்லாத்தான் பேசுது. அக்கா ஒரே ஒரு தடவை மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவ வரல. யாரோ கூப்பிடுறாங்கன்னு நினைச்சு விளையாடிட்டே இருந்தா. அக்கா அப்படியே மூடி வெச்சுட்டாங்க.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லை. நீங்க சேர்றதுக்கு முன்னாடி அக்கா உங்க ஆபீஸ்ல வரவேற்புலதான் இருந்தாங்க. குரல் நல்லா இருக்குன்னு, கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு நாள் கணக்கா படிக்கச் சொல்லிப் பதிவு பண்ணினாங்க. அதை வெச்சுத்தான் கம்பெனி இந்த சாப்ட்வேர் குரலைச் செஞ்சுது. குரல் இனி உங்களோடதுன்னு கையெழுத்தும் போட்டுக் கொடுத்துட்டாங்க, பெருமையா. உங்க ஆபீசுக்கு போன் போட்டா, வணக்கம், தயவுசெஞ்சு காத்திருங்கன்னு வருதே, அது எங்க அக்கா.

அதோ, மணி அடிக்கிறாங்க. போங்க சார். ஸ்கூல் விட்டு அக்கா பொண்ணு வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. உங்க ஆபீஸ் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அம்மா குரல் ஞாபகம் வந்தா போடுவா. போனைக் கொஞ்சம் மெதுவாவே எடுக்கச் சொல்லுங்க.