ஒரே காரில் போனவர்கள்

அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"நானும் எங்கண்ணனும் பேசாம இருக்கது சொத்துக்காக இல்ல வே. யூடியூப்ல பேசுத ரெண்டு அறிஞர்களுக்காக."

"என்ன வே சொல்லுதீரு?"

"பருவம் மாறிட்டு, ஆத்துக்குக் கரையை உசத்தணும்ங்காரு ஒருத்தரு. அண்ணன் அவரு பக்கம். ஆத்துக்கு எடம் விடணும்ங்காரு இன்னொருத்தரு. நான் இவரு பக்கம். இன்னைக்குத் திருநெல்வேலிக் கூட்டத்துல ரெண்டு பேரும் மேடையில அடிச்சுக்காத குறைதான்."

"பெறவு?"

"பெறவு ஒரே கார்ல சிரிச்சிக்கிட்டே சாப்பிடப் போயிட்டாவ."

"அண்ணன் பாத்தாரா?"

"பாத்தாரு. அந்தா, பின்னாலதான் இருக்காரு. வெள்ளத்துல உடைஞ்ச எங்க பொதுவரப்பு இன்னும் அப்படியே கெடக்கு."

பின் சீட்டிலிருந்து ஒரு குரல், தம்பியின் பக்கத்திலிருந்தவரிடம்:

"காலையில மம்பட்டியோட வரச் சொல்லும் வே அவன."